முயலின் பின்பக்கம் நனைந்திருந்தால்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் முயல் வளர்க்கிறவர்கள், முயலுக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். நான் டாக்டர் இல்லை. வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். காலையில் உட்கார்ந்தால் மதியம் வரை மனுஷர்களுடைய ரத்தமும் மூத்திரமும்தான் என் வேலை. "அக்கா, நீங்கதான் யூரின் டெஸ்ட் பண்றவங்களாச்சே, இதைப் பாருங்க" என்று மொபைலை நீட்டுவார்கள். கூண்டுக்கு அடியில் விரித்த பேப்பரில் சிவப்பாக ஒரு ஈரம். கேட்கிறவர் முகத்தில் பயம் அப்பியிருக்கும்.

படிக்கட்டில் நின்றபடி ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதைவிட, தெரிந்ததை முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்றுதான். முயலின் மூத்திரம் சிவப்பாக இருப்பதைப் பார்த்து நடுங்குகிறோம். பின்பக்கம் ஈரமாக இருப்பதைப் பார்த்து "அழுக்கு" என்று துடைத்துவிட்டுப் போய்விடுகிறோம். பயப்பட வேண்டியது இரண்டாவதுக்குத்தான்.

முதலில் அந்தச் சிவப்பை முடித்துவிடுகிறேன். முயல் மூத்திரம் வெளிர் மஞ்சளாக இருக்கும், ஆரஞ்சாக இருக்கும், செங்கல் நிறமாகவும் இருக்கும். தழைகளில் இருக்கும் நிறமிகளும், போர்ஃபிரின் என்கிற நிறமியும் மூத்திரத்தில் இறங்குவதால் வருவது அது. தீனி மாறினால், வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்தால் நிறம் அடர்த்தியாகும். இரண்டு மூன்று நாள் அப்படியே இருந்துவிட்டுத் தானாக மாறிவிடும். ரத்தமா நிறமா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. யூரின் ஸ்ட்ரிப்பை நனைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ரத்தத்துக்கான கட்டம் மஞ்சளாகவே இருந்தால் அது நிறமி. பச்சையாக மாறினால் ரத்தம். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற சாதாரண ஸ்ட்ரிப்தான், முயலுக்கென்று தனியாக எதுவும் வேண்டாம்.

அதே ஸ்ட்ரிப்பில் புரதத்துக்கான கட்டமும் பச்சையாகும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். முயல் மூத்திரம் காரத்தன்மை உள்ளது, பிஎச் எட்டு, ஒன்பது வரை போகும். அந்தக் காரத்தாலேயே புரதக் கட்டம் பொய்யாக நிறம் மாறிவிடும். மனுஷ ரிப்போர்ட்டைப் படிக்கிற பழக்கத்தில் இதைப் பார்த்தால் கிட்னி போய்விட்டது என்றுதான் தோன்றும்.

ஆனால் ரத்தக் கட்டம் நிஜமாகவே பச்சையானால், அதுவும் முயல் கருப்பை எடுக்காத பெண்ணாக இருந்தால், தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். நான்கு வயதைத் தாண்டிய பெண் முயல்களுக்குக் கருப்பையில் புற்றுநோய் வருவது சாதாரணம். மூத்திரத்தோடு வருகிற ரத்தம் பல நேரம் மூத்திரப்பையிலிருந்து வருவதில்லை, கருப்பையிலிருந்து வருகிறது. மூத்திரம் முழுதும் ஒரே சீராகச் சிவந்திருக்காமல், திட்டுத் திட்டாக, கட்டி கட்டியாக வந்தால் கருப்பையைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இப்போது சாம்பு கதைக்கு வருகிறேன். சாம்பல் நிறம், அதனால் சாம்பு. எதிர் வீட்டில் ஒரு தம்பி பிராட்வே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கைக்குள் அடங்குகிற குட்டியாக வாங்கி வந்தான். "இது குட்டை ஜாதி, இதுக்கு மேல வளராது" என்று விற்றவர் சொன்னாராம். அது சோவியத் சின்சில்லா கலப்பு. கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி மையத்தில் வளர்த்துப் பண்ணைகளுக்குக் கொடுக்கிற ரகங்களில் அதுவும் ஒன்று. நன்றாகத் தின்றால் மூன்றரை, நான்கு கிலோ வரும். சாம்புவும் வந்தாள். அந்தக் குடும்பம் கொடுங்கையூருக்கு வீடு மாறியபோது புது வீட்டுக்காரர் மிருகங்கள் கூடாது என்றதால் என்னிடம் விட்டுவிட்டுப் போனார்கள். ஐந்து வயதைத் தாண்டியிருந்தாள். வாங்கிய நாளிலிருந்தே கம்பித் தரை போட்ட கூண்டுதான் அவளுக்கு வீடு.

என் வீட்டுக்கு வந்த அன்று அவளைத் தூக்கும்போதே என் முழங்கை நனைந்தது. பின்னங்கால்களின் உள்பக்க முடி திரித்துவிட்ட நூலாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதை விலக்கிப் பார்த்தால் உள்ளே முடியே இல்லை. தொடை மடிப்பிலும் வாலுக்கு அடியிலும் தோல் ரத்தச் சிவப்பாக, பளபளவென்று, விரல் பட்டால் சூடாக. மடிப்பின் ஓரத்தில் மேல்தோல் உரிந்து வெள்ளையாகக் கசிந்துகொண்டிருந்தது. நாற்றம் மூத்திர நாற்றம் மட்டும் இல்லை, புண் நாற்றமும் சேர்ந்து. சாம்பு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். முயல் சுகமாக இருக்கும்போதும் மெல்லப் பல்லை உரசும். வலியில் கடிக்கும் சத்தம் வேறு: உரக்க, நறநறவென்று, கேட்கிறவருக்கே தாடை வலிக்கும்.

அந்தத் தம்பி வீட்டில் ஒன்றும் கவனிக்காமல் விட்டுவிடவில்லை. தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போட்டிருக்கிறார்கள், பவுடர் போட்டிருக்கிறார்கள், அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் "அரிப்பு, படை" என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கிற ட்யூப் ஒன்றும் போட்டிருக்கிறார்கள். அக்கறையோடுதான் செய்திருக்கிறார்கள். ஆனால் எண்ணெய் ஈரத்தைத் தோலோடு வைத்துப் பூட்டிவிடும். பவுடர் மூத்திரத்தில் ஊறிக் கெட்டியாகிப் புண்ணை உரசும், அதன் தூசு மூக்கிலும் ஏறும். அந்த மாதிரி ட்யூப்களில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். முயல் உடம்பு ஸ்டீராய்டைத் தாங்காது, எதிர்ப்புச் சக்தி சட்டென்று விழுந்துவிடும். அதோடு, முயல் நாளெல்லாம் தன்னை நக்கிச் சுத்தம் செய்கிற பிராணி. தோலில் தடவியது எதுவும் கொஞ்ச நேரத்தில் வயிற்றுக்குள்தான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மூத்திரம் பட்டுத் தோல் வெந்துபோவது தோல் வியாதியே இல்லை. நல்ல ஆரோக்கியத்தில் இருக்கிற முயல் மூத்திரம் போவதைக் கவனித்துப் பாருங்கள். பின்பக்கத்தை உயர்த்தி, வாலைத் தூக்கி, தன் மேல் ஒரு சொட்டும் படாமல் பின்னால் விடும். அந்த முடி நனைகிறது என்றால், ஒன்று, அதால் அப்படி நிற்க முடியவில்லை. அல்லது, அடக்க முடியாமல் சொட்டுகிறது. அல்லது, நனைந்த தரையிலேயே உட்கார்ந்திருக்கிறது. இந்த மூன்றில் எது என்று கண்டுபிடிக்காமல் எத்தனை ட்யூப் போட்டாலும் புண் திரும்ப வரும். சாம்புவுக்கு மூன்றுமே இருந்தன.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போனேன். 1903-ல் தொடங்கிய கல்லூரி அது. வடசென்னைக்காரர்களுக்கு ஆடு, மாடு, நாய், கோழி எதுவானாலும் அங்கேதான் ஓட்டம். மாதவரம் பக்கம் இருக்கிறவர்களுக்கு அங்கேயும் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆஸ்பத்திரி இருக்கிறது. பேசின் பிரிட்ஜ் வழியாக ஆட்டோவில் போனோம். எங்களைப் பார்த்த டாக்டர் அம்மா சின்ன வயசுப் பெண். சாம்புவை மேஜையில் வைத்ததும் புண்ணைப் பார்க்கவில்லை. முதுகெலும்பை மேலிருந்து கீழ்வரை விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். இடுப்புக்கு மேலே ஓரிடத்தில் சாம்பு துள்ளினாள். அப்புறம் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். கம்பித் தரையில் நின்று நின்று குதிகாலில் முடி போய்க் காய்த்திருந்தது. கடைசியாகத்தான் புண்.

எக்ஸ்ரேயில் மூத்திரப்பை வெள்ளையாக நிறைந்திருந்தது. முயலுக்கு அங்கே கொஞ்சம் வெள்ளை தெரிவது இயல்புதான். இது கொஞ்சம் இல்லை. இடுப்புப் பக்கத்து முதுகெலும்புகளின் ஓரத்தில் முள் முளைத்து ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியிருந்ததும் அதே படத்தில் தெரிந்தது. "முதுகு வலியால பின்பக்கத்தைத் தூக்க மாட்டேங்குது மேடம். பாதி மூத்திரம் உள்ளேயே நின்னுடுது. நின்னது கெட்டியாகுது. கெட்டியானது உறுத்துது. உறுத்தினா சொட்டுது" என்றார் டாக்டர். எனக்கு எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றது.

கெட்டியாவது எது என்பதை நான் லேபில் பார்த்திருக்கிறேன். வேலை முடிந்த பிறகு ஒரு ஸ்லைடு போட்டுக்கொள்ள எங்கள் லேப் ஓனர் அனுமதிப்பார். மனுஷ மூத்திரத்தை சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றினால் டியூபின் நுனியில் பொட்டு அளவு வண்டல் நிற்கும். முயல் மூத்திரத்தில் சுழற்றவே வேண்டாம், சும்மா வைத்தாலே அடியில் படிந்துவிடும். அதில் ஒரு துளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வட்ட வட்டமாக, உள்ளிருந்து வெளியே கோடு ஓடுகிற மஞ்சள் உருண்டைகள், நடுவில் இடுப்பு ஒடுங்கிய டம்பெல் வடிவங்கள் என்று இடமே இல்லாமல் நிறைந்திருக்கும். கால்சியம் கார்பனேட் படிகங்கள். மற்ற எதையும் பார்க்க விடாது. அதற்கு ஒரு வழி உண்டு. ஸ்லைடை மூடுகிற மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப்பின் ஓரத்தில் ஒரு சொட்டு நீர்த்த அசிட்டிக் ஆசிட் விட்டால் கண் முன்னாலேயே பொங்கும். குமிழிகள் படிகங்களைத் தள்ளிக்கொண்டு ஓடும், உருண்டைகள் ஓரத்திலிருந்து கரைந்து கரைந்து காணாமல் போகும். திரை விலகிய பிறகுதான் சீழ் அணுக்கள் இருக்கின்றனவா, பாக்டீரியா இருக்கிறதா என்று தெரியும். சிவப்பணுக்களும் ஆசிட்டில் உடைந்துவிடும் என்பதால் ரத்தத்தை முன்னாலேயே ஸ்ட்ரிப்பில் பார்த்துவிட வேண்டும். சாம்புவின் ஸ்லைடில் அன்றைக்குச் சீழ் அணுக்கள் ஏராளம்.

முயலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கால்சியம்? நம் குடல் தேவையான அளவுக்குத்தான் கால்சியத்தை எடுக்கும், மீதியை மலத்தில் விட்டுவிடும். முயலின் குடல் அப்படிப் பார்த்து எடுப்பதில்லை. தீனியில் எவ்வளவு இருக்கிறதோ அதற்குத் தகுந்தபடி ரத்தத்துக்குள் போய்க்கொண்டே இருக்கும். அதிகப்படியை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் பொறுப்பு. மற்றப் பாலூட்டிகளில் கால்சியம் மூத்திரத்தில் போவது 2 சதவீதத்துக்கும் குறைவு. முயலில் 45 முதல் 60 சதவீதம் வரை. அதனால் முயல் மூத்திரம் கலங்கலாக இருப்பது இயல்பு. காய்ந்த இடத்தில் வெள்ளைப் பொடி படிவதும் இயல்பு. வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு மாதிரி கெட்டியாக, இழுத்தால் வருகிற பதத்தில் இருந்தால் அது இயல்பு இல்லை. அந்தப் பதத்தில் பார்த்தால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சில சமயம் மேலே தெளிந்த மூத்திரம் மட்டும் வந்துகொண்டிருக்கும், வண்டல் உள்ளேயே தங்கிவிடும். கலங்கலாகவே இருந்த மூத்திரம் திடீரென்று தண்ணீராகத் தெளிந்து, கூடவே பின்பக்கமும் நனைந்தால் நல்லதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

சாம்புவுக்கு லேசாக மயக்கம் கொடுத்து, குழாய் விட்டு, சலைனால் மூத்திரப்பையைக் கழுவினார்கள். தோலுக்கு அடியில் சலைன் ஏற்றினார்கள். வலிக்கு மெலாக்சிகாம். எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கிற கல்ச்சருக்கு வயிற்றின் வழியாக ஊசியால் நேரடியாக மூத்திரம் எடுத்தார்கள், ஏனென்றால் தட்டில் பிடித்த மூத்திரத்தில் தட்டின் கிருமிகளும் வளரும். என்செஃபாலிடோசூன் என்கிற ஒட்டுண்ணியைப் பற்றியும் டாக்டர் கேட்டார்: தலை ஒரு பக்கம் சாய்கிறதா, பின்னங்கால் இழுக்கிறதா என்று. அது சிறுநீரகத்தையும் நரம்பையும் தாக்குகிறது, மூத்திரத்தின் வழியாகவே இன்னொரு முயலுக்குப் பரவுகிறது. சாம்புவுக்கு அதன் அறிகுறி இல்லை.

வீட்டில் புண்ணைக் கழுவுவது தனிப் பொறுமை. முயலை முழுதாகக் குளிப்பாட்டவே கூடாது. அதிர்ச்சியிலும் குளிரிலும் உயிருக்கே ஆபத்து. பின்பக்கத்தை மட்டும், வெதுவெதுப்பான தண்ணீர் வைத்த அகலத் தட்டில். தட்டுக்கு அடியிலும் உள்ளேயும் துணி போட்டுவிடுங்கள், வழுக்கினால் உதைக்கும். முயலின் பின்னங்கால் பலம் அதன் முதுகெலும்பையே முறித்துவிடக் கூடியது. மல்லாக்கப் பிடித்தால் அசையாமல் கிடக்கும். அமைதியில் இல்லை, பயத்தில் உறைந்து கிடக்கிறது. நான் தரையில் உட்கார்ந்து, சாம்புவின் முன்னங்கால்கள் என் தொடை மேல் இருக்கும்படி வைத்துக்கொண்டு, தண்ணீரைக் கையால் அள்ளி ஊற்றுவேன். டாக்டர் சொன்ன அளவுக்கு நீர்த்த குளோர்ஹெக்சிடின் என்கிற கிருமிநாசினியால் ஒரு முறை, அப்புறம் வெறும் தண்ணீரால் அலசல். ஒட்டிய முடியை இழுக்கக் கூடாது. முயலின் தோல் அவ்வளவு மெல்லியது, முடியோடு கிழிந்து வந்துவிடும். சீப்பை முடிக்கும் தோலுக்கும் நடுவில் விட்டு, சீப்புக்கு மேலே மட்டும் முனை மழுங்கிய கத்திரியால் நறுக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் உலர்த்துவது. பழைய மல் வேட்டியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. தொடை மடிப்பை விரித்துப் பிடித்து அதற்குள்ளும் ஒற்ற வேண்டும். எண்ணூர்க் காற்றில் எப்போதும் ஈரம் இருக்கிற ஊர் இது, தானாகக் காயும் என்று விட்டால் காயாது. பாதி காய்ந்த முயலைக் கூண்டில் விடுவதற்குக் கழுவாமலே இருந்திருக்கலாம். முழுதும் உலர்ந்த பிறகு டாக்டர் எழுதிக் கொடுத்த சில்வர் சல்ஃபாடையசின் களிம்பை மெல்லிசாக ஒரு பூச்சு.

தீனி விஷயத்தில் எனக்கும் கீழ் வீட்டு ஆயாவுக்கும் வாக்குவாதமே நடந்தது. அமாவாசைக்கு மாட்டுக்குக் கொடுக்க அகத்திக்கீரைக் கட்டு வாங்குவார்கள். மீதியை ஆசையாக சாம்புவுக்கு எடுத்து வருவார்கள். "கீரைதானே, பச்சையா கொடுத்தா இன்னா ஆவப் போவுது?" ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய பட்டியலில் 100 கிராம் அகத்திக்கீரையில் 1,130 மில்லிகிராம் கால்சியம். முருங்கைக்கீரையில் 440. நமக்கு அமிர்தம். மூத்திரப்பையில் சுண்ணாம்பு சேர்கிற முயலுக்கு வேண்டாம். குதிரைமசால், வேலிமசால், முயல்மசால் எல்லாம் பயறு வகைத் தீவனப் பயிர்கள், அவற்றிலும் கால்சியம் அதிகம். வளர்கிற குட்டிக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் சரி, சாம்புவுக்குச் சரிவராது. மூட்டையில் நிறுத்து விற்கிற முயல் தீவனம் சீக்கிரம் எடை ஏற்றுவதற்காகப் பண்ணைகளுக்குச் செய்தது. அதை வயிறு முட்டப் போட்டால் உடம்பு பெருக்கும், பெருத்த முயலுக்குப் பின்பக்கத்தைத் தூக்கவும் முடியாது, குனிந்து தன்னைச் சுத்தம் செய்துகொள்ளவும் முடியாது.

அதற்காகக் கால்சியத்தை அறவே நிறுத்தினாலும் தப்பு. முயலுக்குப் பல் ஆயுள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும். பல்லுக்கும் எலும்புக்கும் அது வேண்டும். சாம்புவுக்கு நாள் முழுதும் புல்தான் சாப்பாடு. மாடு வைத்திருக்கிற அண்ணன் ஒருவர் கோ-4 என்கிற தீவனப் புல் கட்டு தருகிறார், கொஞ்சம் பச்சையாக, மீதியை மொட்டை மாடி நிழலில் காய வைத்து. கிடைக்கும்போது அருகம்புல். கீரையாக, கொத்தமல்லி ஒரு கைப்பிடி, முள்ளங்கித் தழை எப்போதாவது. கழுவித் தண்ணீர் சொட்டச் சொட்டத்தான் போடுவேன், அந்தத் தண்ணீரும் உள்ளே போகட்டும் என்று.

தண்ணீர்தான் இந்த வியாதிக்குப் பாதி மருந்து. முயல் ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 50 முதல் 150 மில்லி வரை குடிக்கும். கூண்டில் தொங்கவிடுகிற பாட்டிலில் நக்கி நக்கிக் குடிப்பதைவிட, கனமான கிண்ணத்தில் வைத்தால் அதிகமாகக் குடிக்கிறது. நான் கவிழ்க்க முடியாத மண் சட்டி வைத்திருக்கிறேன். அக்னி நட்சத்திர நாட்களில் தண்ணீர் குறைந்தால் வண்டல் ஏறும், வெப்பத்தால் உயிரே போகும், முயலுக்கு வியர்வையே கிடையாது. சமையலறை அலமாரி பிரித்தபோது மிஞ்சிய கடப்பாக் கல் பலகை ஒன்றை நிழலில் போட்டேன். மதியம் முழுதும் அதன் மேல்தான் நீட்டிப் படுப்பாள். மூத்திரம் பட்டால் ஊறாது, ஒரு துடைப்பில் சுத்தம்.

"வாழைத்தண்டு ஜூஸ் கொடுக்கலாமா?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். மூத்திர எரிச்சலுக்கு நமக்குக் கொடுக்கிற சிரப்பையும் சிலர் கொடுத்துவிடுகிறார்கள். அது மூத்திரத்தைக் காரமாக்குகிற மருந்து. ஏற்கெனவே எட்டு, ஒன்பதில் நிற்கிற முயல் மூத்திரத்தை இன்னும் காரமாக்கி என்ன பயன்? கால்சியம் கார்பனேட் காரத்தில்தான் படியும், அமிலத்தில்தான் கரையும். ஆனால் தழை தின்கிற பிராணியின் மூத்திரத்தை உணவால் அமிலமாக்குவது நடக்கிற காரியம் இல்லை. அமிலத்துக்கு வேலை இருக்கிற இடம் கூண்டுத் தட்டு. அதில் படிந்த வெள்ளைக் கறையில் சமையல் வினிகரை ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டால் பொங்கிக் கரைந்துவிடும். நன்றாக அலசிவிடுங்கள்.

கம்பித் தரைக் கூண்டை எடைக்குப் போட்டுவிட்டேன். கீழே ரப்பர் ஷீட், அதன் மேல் பேப்பர், அதன் மேல் மடித்த பழைய பருத்திப் புடவை, ஒரு மூலையில் வைக்கோல். காலையும் மாலையும் மாற்றுகிறேன். மரவாடியிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது என்று மரத்தூள் போடாதீர்கள். எந்த மரம் என்று தெரியாது, ஈரமான தூள் புண்ணில் ஒட்டும், தூசு நுரையீரலுக்கும் ஆகாது.

அப்புறம் ஈ. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறோம், மழைக்காலத்தில் ஈக்குச் சொல்லவா வேண்டும். நனைந்து நாறுகிற முடியில் ஈ முட்டையிடும். வெயில் காலத்தில் ஒரே நாளுக்குள் புழு வெளியே வந்து உயிருள்ள சதையைத் தின்னத் தொடங்கிவிடும். காலையில் நன்றாக இருந்த முயல் மறுநாள் இல்லாமல் போவது இப்படித்தான். பின்பக்கம் நனைகிற முயலை நாளுக்கு இரண்டு முறையாவது தூக்கிப் பாருங்கள். வெள்ளை முட்டைகள் கண்ணில் பட்டால் சீப்பால் வாரி எடுங்கள். புழுவைப் பார்த்துவிட்டால் அந்த நிமிடமே ஆட்டோ. மாட்டுப் புண்ணுக்கு ஊற்றுகிற மாதிரி டர்பன்டைன், மண்ணெண்ணெய் எதுவும் ஊற்றக் கூடாது. நாய்க்கு உண்ணி போக முதுகில் விடுகிற ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு விஷம்.

மருந்து என்றதும் இன்னொன்று. எல்லார் வீட்டு அலமாரியிலும் அரை அட்டை அமாக்சிசிலின் மிச்சம் இருக்கும். தொற்று என்று தெரிந்ததும் கை அதற்குத்தான் போகும். வாய் வழியாகக் கொடுக்கிற பென்சிலின் வகை முயலின் குடலில் இருக்கிற நல்ல பாக்டீரியாவை அழித்து, கெட்டது பெருகி, வயிற்றுப்போக்கில் கொன்றுவிடும். கிளிண்டாமைசின், லிங்கோமைசினும் அப்படியே. முயலுக்கு ஏற்ற ஆன்டிபயாடிக் வேறு இருக்கின்றன. எது, எவ்வளவு என்பதைக் கல்ச்சர் பார்த்து டாக்டர் எழுதட்டும். நாய், பூனை மட்டுமே பார்த்துப் பழகிய டாக்டராக இருந்தால், "முயலுக்கு இது வாய் வழியா கொடுக்கலாமா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை தைரியமாகக் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சாம்புவின் தொடையில் இப்போது முடி வளர்ந்துவிட்டது, முதலில் பஞ்சாக வெள்ளை, அப்புறம் சாம்பல். முதுகெலும்பு மாறாது. குளிர் விழுகிற மார்கழியில் வலி கூடுகிறது, அப்போது மருந்தின் அளவை டாக்டர் மாற்றித் தருகிறார். வண்டல் திரும்பச் சேர்கிறதா என்று அவ்வப்போது எக்ஸ்ரே. கருப்பை எடுக்கிற ஆபரேஷன் பற்றியும் பேசிக்கொண்டிருக்கிறோம், எடை இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று டாக்டர் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் கொண்டு போவதாக இருந்தால், கழுவிக் காய வைத்த வெறும் தட்டில் காலை மூத்திரத்தைப் பிடித்து, ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, மூடியுள்ள டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். ஓரிரண்டு மணி நேரத்துக்குள் சேர்ந்தால் நல்லது. நனைந்த பேப்பரை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். என்ன தீனி, எவ்வளவு தண்ணீர், கடைசியாக எப்போது சாப்பிட்டது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். பத்து, பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னாமல் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள், மூத்திரத்தைவிட அவசரம் அது. மயக்க மருந்து கொடுப்பார்கள் என்று மனுஷருக்குச் செய்வது போல முயலைப் பட்டினி போட்டுக் கொண்டு போகாதீர்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, வெறும் வயிறுதான் அதற்கு ஆபத்து. கூடையில் முயலோடு ஒரு கட்டுப் புல்லும் இருக்கட்டும்.